மூன்று வருட பி.ஏ.வை வைத்துத் தென்னாப்பிரிக்காவில் பொது நிர்வாக மாஸ்டர்ஸ் சேர முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தமிழ்நாட்டில் மூன்று வருட பி.ஏ. முடித்திருக்கிறீர்கள். கல்யாணமாகி டர்பன் வந்து, நிரந்தரமாக வசிக்க அனுமதியும் வாங்கி, இப்போது சாட்ஸ்வர்த்தில் இருந்துகொண்டு முனிசிபாலிட்டியின் தண்ணீர் பில் கவுன்டரில் ஒப்பந்த வேலை பார்க்கிறீர்கள். பொது நிர்வாகத்திலோ பொதுக்கொள்கையிலோ மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, ஏன் சேர விரும்புகிறோம் என்று எழுதித் தரும் மோட்டிவேஷன் கடிதத்தில் என்ன எழுதுவது, வார்டு கவுன்சிலரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கினால் உதவுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தீர்களே, "நம்ம ஊர் டிகிரி இங்க செல்லாதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று, அதுதான் உண்மையான கேள்வி. அதைத் தீர்க்காமல் மற்ற மூன்றையும் பேசுவது வீண்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பனில் பொது நிர்வாகப் பாடம் நடத்தியவன். மாஸ்டர்ஸ் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் குழுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். விண்ணப்பம் எங்கள் மேசைக்கு வந்தபின் என்ன நடக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். குடியேற்றச் சட்டத்தில் நான் கை வைப்பதில்லை, அதற்கு வக்கீல்தான். கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுதோறும் மாறுகிறவை என்பதால் அவற்றையும் இங்கே எழுதவில்லை. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு படிநிலை எண் உண்டு. என்.கியூ.எஃப். என்பார்கள், மொத்தம் 10 படி. மெட்ரிக், அதாவது இங்கே பள்ளி இறுதித் தேர்வு, 4. சாதாரண மூன்று வருட டிகிரி 7. ஆனர்ஸ் 8, போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமாவும் 8. மாஸ்டர்ஸ் 9, டாக்டரேட் 10. மாஸ்டர்ஸுக்குள் நுழைய கையில் 8 இருக்க வேண்டும். சாட்ஸ்வர்த்திலேயே பிறந்து இங்குள்ள வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் மூன்று வருட டிகிரி வாங்கிய உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் நேராக மாஸ்டர்ஸுக்குப் போக முடியாது. நடுவில் ஒரு வருடம் ஆனர்ஸோ டிப்ளமாவோ முடித்தாக வேண்டும். ஆகவே "செல்லாது" என்று சொல்கிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். உங்களுக்குக் குறைவது ஒரு படி. அது அவளுக்கும் குறைகிறது.

உங்கள் பி.ஏ. எந்தப் படியில் உட்காரும் என்று தீர்மானிப்பது சாக்வா எனப்படும் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையம். இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், அவர்கள் உங்கள் பழைய பல்கலைக்கழகத்திடமே சான்றிதழின் உண்மைத்தன்மையைக் கேட்டுச் சரிபார்த்த பிறகு மதிப்பீட்டுச் சான்றிதழ் தருவார்கள். தாமதமெல்லாம் இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து போகும் மின்னஞ்சல் எத்தனை நாள் தூங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் அண்ணனோ தம்பியோ இருந்தால் நேரில் போய் ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள், பலன் இருக்கும். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ.வும் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் சேர்த்தே அனுப்புங்கள். எம்.ஏ. என்றாலே இங்கே 9 என்று நம்பி வந்து, சான்றிதழில் 8 என்று பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த 8 கிடைத்தாலே கதவு திறந்துவிடும். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நாத்தனாருக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நம்மவர்களுக்கென்றே வரும் ஒரு தொல்லை, பெயர். மார்க் ஷீட்டில் "மீனாட்சி சு." என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். இங்கே கல்யாணம் பதிவானபின் அடையாள ஆவணத்தில் "மீனாட்சி கோவெண்டர்" என்று வந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று கணினிக்கு யார் சொல்வது? கல்யாணச் சான்றிதழ் நகலும், மூன்று பெயரும் ஒருவருடையதே என்ற பிரமாணப் பத்திரமும் தேவைப்படும். போலீஸ் ஸ்டேஷன் கவுன்டரிலேயே பிரமாணம் எடுத்து முத்திரை வாங்கலாம், காசு கிடையாது. சான்றிட்ட நகல்களும் அங்கேயே கிடைக்கும். முத்திரைத் தேதி பழசாகிவிட்டால் பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் மாதத்தில் எடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு எழுதச் சொன்னதாகவும் போட்டிருந்தீர்கள். இங்கே அது வேண்டாம். ஆங்கில வழியில் படித்ததற்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் கேட்பார்கள்.

சாக்வா 7 என்று சொல்லிவிட்டால்? பொது நிர்வாகத்தில் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமாவுக்கு விண்ணப்பியுங்கள். இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது, ஒரு வருடம் போச்சே என்று. என் கருத்து வேறு. பி.ஏ. முடித்துப் பல வருடம் கழித்துப் படிக்க வருகிறவர்களுக்கு அந்த ஒரு வருடம்தான் மாஸ்டர்ஸைக் காப்பாற்றுகிறது. இந்த நாட்டின் அரசியல் சாசனம், நிதிச் சட்டங்கள், முனிசிபல் சட்டங்கள், ஆய்வுக் கட்டுரை எழுதும் முறை எல்லாம் அங்கேதான் கைக்கு வரும். நிறைய இடங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கென மாலையிலோ சில நாட்கள் சேர்ந்தாற்போலவோ வகுப்பு வைக்கிறார்கள். அனுபவத்தை வைத்து நேரே நுழையவும் ஒரு வழி உண்டு, ஆர்.பி.எல். என்று பெயர். ஆனால் உயர்கல்வி மன்றத்தின் கொள்கைப்படி ஒரு வகுப்பில் 10 சதவீதத்துக்கு மேல் அந்த வழியில் எடுக்கக் கூடாது. அந்த இடங்களுக்கு இருபது வருடம் சர்வீஸ் போட்ட அதிகாரிகள் வரிசையில் நிற்பார்கள். ஒப்பந்த வேலையை வைத்து அவர்களோடு மோத வேண்டாம்.

இனி எந்த இடம் என்பது. அதற்கு முன், பொது நிர்வாகமா பொதுக்கொள்கையா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இந்த நாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1960களிலிருந்து இங்கே பொது நிர்வாகம் என்றால் ஜே.ஜே.என். க்ளூட்டே வகுத்த முறைதான்: கொள்கை வகுத்தல், நிதி, அமைப்பு, ஆள் சேர்ப்பு, நடைமுறை, கட்டுப்பாடு என்று நிர்வாகத்தை ஆறு வேலைகளாகப் பிரித்துப் பாடம் நடத்துவார்கள். யாருக்காக நிர்வாகம், யாரை வெளியே நிறுத்திவிட்டு நிர்வாகம் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. நிறவெறி அரசின் அதிகாரிகள் அதைப் படித்துத் தேறியதில் ஆச்சரியமும் இல்லை. 1991 நவம்பரில் மவுன்ட் கிரேஸ் என்ற இடத்தில் கூடிய கல்வியாளர்கள் இதை வெளிப்படையாக எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். வளர்ச்சியையும் கொள்கையையும் மையமாக வைத்த புதுப் பாடத்திட்டங்கள் அதன்பிறகு வந்தன. அதனால்தான் ஓரிடத்தில் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன், இன்னோரிடத்தில் பப்ளிக் மேனேஜ்மென்ட், வேறோரிடத்தில் கவர்னன்ஸ் என்று பலகை தொங்குகிறது. பலகையைப் பார்த்து மயங்காமல் பாடப் பட்டியலைப் பாருங்கள். பட்ஜெட், மனிதவளம், கொள்முதல் என்று நிறைந்திருந்தால் அது நிர்வாகம். கொள்கை ஆய்வு, பொருளாதாரம், மதிப்பீட்டு முறைகள் என்றிருந்தால் அது கொள்கை.

கொள்கைப் பக்கம் போக விரும்பினால் ஜோஹன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் கவர்னன்ஸ், கேப் டவுனில் நெல்சன் மண்டேலா பெயரிலுள்ள பொது ஆளுகைப் பள்ளி ஆகிய இரண்டும் முதலில் நினைவுக்கு வருபவை. ஸ்டெல்லன்பாஷிலும் பிரிட்டோரியாவிலும் நல்ல துறைகள் இருக்கின்றன. ஆனால் குடும்பத்தோடு டர்பனில் இருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்வது குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம். அடுத்து டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். யூனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி என்பதால் வசதிதான். தனியாக உட்கார்ந்து ஆய்வை முடிக்கும் பிடிவாதம் வேண்டும். (வெஸ்ட்வில்லின் முன்கதை உங்கள் மாமனார் தலைமுறைக்குத் தெரிந்திருக்கும்: 1961இல் துறைமுகத்து சாலிஸ்பரி தீவில், இந்தியருக்கு மட்டும் என்று நிறவெறி அரசு தொடங்கிய கல்லூரி அது. மாணவர்கள் படகேறிப் போய்ப் படித்தார்கள்.) தரவரிசைப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் தலைப்பில் வேலை செய்கிற பேராசிரியர் எங்கே இருக்கிறார் என்பதுதான் இந்தப் படிப்பில் முக்கியம்.

மோட்டிவேஷன் கடிதத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கடிதங்கள் "சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று தொடங்கும். பிறகு மண்டேலாவின் மேற்கோள் ஒன்று. எழுதியவர் நம்மவர் என்றால் அதற்குப் பதில் ஒரு குறள். அடுத்து பொது நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அரசியல் சாசனத்தின் 195ஆம் பிரிவும், அரசு சேவை பற்றிய 1997 வெள்ளை அறிக்கையின் பாத்தோ பெலே (மக்களே முதலில்) கொள்கைகள் எட்டும் அப்படியே ஒப்பிக்கப்பட்டிருக்கும். குழுவில் எல்லோருக்கும் அவை மனப்பாடம். எங்கள் கண் தேடுவது ஒன்றைத்தான்: இந்த ஆள் ஒரு பிரச்சினையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாரா, பார்த்ததிலிருந்து கேள்வி கேட்கத் தெரிகிறதா?

உங்களுக்கு அது கவுன்டரிலேயே கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2001இல் வந்த விதிப்படி குறைந்தபட்சத் தண்ணீர் அளவு ஒருவருக்கு நாளுக்கு 25 லிட்டர், அல்லது ஒரு குடும்பத்துக்கு மாதம் 6 கிலோலிட்டர். இந்த இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 25ஐ 8 பேரால் பெருக்கினால் 200; முப்பது நாளுக்கு 6,000 லிட்டர். அதாவது ஒரு குடும்பத்தில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்ட கணக்கு. இனி உங்கள் கவுன்டருக்கு வரும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்வீட்டில் பெற்றோரும் மகன் குடும்பமும், பின்னால் கட்டிய அறைகளில் இரண்டு வாடகைக் குடித்தனம், எல்லோருக்கும் ஒரே மீட்டர். எட்டைத் தாண்டிவிட்டது. பில் வந்து நிற்பது வீட்டுக்காரப் பாட்டியின் பெயரில். அவர் பென்ஷன் வாங்குகிறவர். "இவ்வளவு தண்ணி நான் எங்கய்யா குடிச்சேன்" என்று சண்டைக்கு வருவார். நீங்கள் அதை ஒரு புகாராகப் பதிவு செய்து நகர்ந்துவிடுவீர்கள். அங்கே ஒரு ஆய்வுக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது: மீட்டரை அலகாக வைத்த ஒரு கொள்கை, ஒரே மீட்டரின் கீழ் பல குடும்பங்கள் வாழும் இடத்தில் யாருக்கு என்ன செய்கிறது?

இதே முரண் நீதிமன்றமும் ஏறியிருக்கிறது. சொவெட்டோவின் பிரி பகுதியிலிருந்து போன மசிபுக்கோ வழக்கில், ஒரே மனையில் சுமார் 20 பேர் வாழ்ந்த வீடுதான் முன்னால் நின்றது. 2009இல் அரசியல் சாசன நீதிமன்றம் மாதம் 6 கிலோலிட்டர் இலவசம் என்ற ஜோஹன்னஸ்பர்க் நகரின் கொள்கையை நியாயமற்றதென்று சொல்ல மறுத்துவிட்டது. இத்தனை லிட்டர் என்று அளவைத் தீர்மானிப்பது முதலில் அரசின் வேலை என்றது. நீங்கள் அந்தத் தீர்ப்பைப் படித்து, சாட்ஸ்வர்த்தில் ஒரு யூனிட்டை (குடியிருப்புப் பகுதியை) மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தக் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டால், என் அனுபவத்தில் அந்த விண்ணப்பம் குவியலின் மேலே வந்துவிடும். "எத்தெக்வினி (அதாவது டர்பன்) முனிசிபாலிட்டியில் நீர் சேவையின் சவால்கள்" என்று எழுதினால் வராது, அந்தத் தலைப்பில் வருடத்துக்கு வருடம் கட்டாக வருகிறது. தண்ணீர்த் தலைப்பு சலித்துவிட்டது, வெள்ளம் பற்றி எழுதுகிறேன் என்றாலும் இதே விதிதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கேயுள்ள டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் லாரியை நம்பிக் கிடந்தது. லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று யார் தீர்மானித்தார்கள், எந்தக் காகிதத்தில்? அவ்வளவு சின்னதாக இருந்தால் போதும். சின்னதாக இருந்தால்தான் முடியும்.

அந்த ஒரு பக்கத்தை விண்ணப்பத்தோடு மட்டும் வைக்காமல், துறையில் பொருத்தமான ஒருவருக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, நான்கு வரியில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்குமேல் வேண்டாம். மதிப்பெண் நன்றாக இருந்தும் வழிகாட்ட ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பம் தள்ளப்படுவது இங்கே சாதாரணம்.

படித்தால் பதவி வருமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் கடன் வாங்கிப் படிக்கிறார்கள். தேசிய, மாகாணத் துறைகளில் டைரக்டர் பதவிக்கே விதி கேட்பது 7ஆம் படி டிகிரியும் இடைநிலை நிர்வாகப் பொறுப்பில் ஐந்து வருட அனுபவமும்தான். 2020 ஏப்ரலிலிருந்து அதோடு அரசு ஊழியருக்குப் பயிற்சி தரும் தேசிய ஆளுகைப் பள்ளியின் நியுக்கேலா என்ற முன்தகுதிச் சான்றிதழும் வேண்டும். மாஸ்டர்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. முனிசிபாலிட்டிகளுக்குத் தனி விதிகள்; அங்கே நிதிப் பக்கம் உயர வேண்டுமானால் 2003 முனிசிபல் நிதிச் சட்டத்தின்கீழ் 2007இல் வந்த குறைந்தபட்சத் திறன் விதிகள்தான் பேசும். அந்த விதிகள் கேட்கும் திறன் சான்றிதழ் இல்லாத மாஸ்டர்ஸ்காரரை விட, சான்றிதழ் உள்ள டிகிரிக்காரர் முன்னால் நிற்பார். மாஸ்டர்ஸ் பயன்படும் இடங்கள் வேறு: கொள்கை ஆய்வுப் பிரிவுகள், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், கல்லூரியில் பாடம் நடத்துவது. அதில் உங்களுக்கு நாட்டம் உண்டென்றால் தாராளமாகப் படியுங்கள். கவுன்டரிலிருந்து நிரந்தர வேலைக்கு மாறுவது மட்டும்தான் நோக்கம் என்றால், டிப்ளமாவோடு நிறுத்திக்கொண்டு அந்தத் திறன் சான்றிதழை எடுப்பதே கெட்டிக்காரத்தனம்.

பணத்துக்கு: அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். மாஸ்டர்ஸுக்குக் கொடுப்பதில்லை. முனிசிபாலிட்டிகள் தங்கள் ஊழியருக்கு பர்சரி (படிப்பு உதவித்தொகை) தருவதுண்டு, படித்த பிறகு இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒப்பந்த ஊழியருக்கும் உண்டா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். உள்ளாட்சித் துறைக்கான பயிற்சி ஆணையமான எல்.ஜி.சீட்டாவின் பர்சரி அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

நேரத்தைப் பற்றி யாரும் கணக்காகச் சொல்ல மாட்டார்கள். மாஸ்டர்ஸ் குறைந்தது 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. 1,800 மணி நேரம். வேலை, குழந்தை, சமையல் போக வாரம் 15 மணி நேரம் ஒதுக்கினால் 120 வாரம், இரண்டு வருடத்துக்கும் மேல். வகுப்புப் பாடங்களை எல்லோரும் முடித்துவிடுகிறார்கள்; சிறு ஆய்வில்தான் சிக்கிக்கொள்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் மறுபடி பதிவுக் கட்டணம் கட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் சோம்பல் அல்ல, அனுமதிக் கடிதம். சொந்த அலுவலகத்தில் ஆய்வு செய்ய வேண்டுமானால் முனிசிபாலிட்டி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அந்தக் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஆய்வுக்கான கேள்விப் பட்டியலைத் தொடவிடாது. வாடிக்கையாளர் பில் விவரம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. கவுன்டரில் உங்கள் திரையில் தெரிகிறது என்பதற்காக அதை எடுத்து ஆய்வில் போட முடியாது. போட்டால் வேலையும் போகும். அனுமதிக்கான மனுவைத் தலைப்பு உறுதியான வாரமே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கவுன்சிலர் கடிதம். வேண்டாம். எந்தக் கட்சிக்காரர் ஆனாலும் வேண்டாம். குழு பார்க்க விரும்புவது உங்களுக்குப் பாடம் நடத்திய ஒருவரும், உங்கள் வேலையை நேரில் பார்க்கும் ஒருவரும் எழுதுவதை. ஊரிலுள்ள பழைய பேராசிரியர் ஓய்வு பெற்றிருந்தாலும் பரவாயில்லை, கல்லூரி மின்னஞ்சலிலிருந்து வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். இன்னொரு கடிதத்தை உங்கள் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். "நல்ல பெண், நேரத்துக்கு வருவார்" என்று பொதுவாக எழுதித் தராமல், நீங்கள் கையாண்ட ஏதாவது ஒரு பில் தகராறைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அவருக்கு நினைவில்லாமல் இருக்கலாம், கேட்கப் போகும்போது நீங்களே அந்த விவரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள்.